முட்டைப் பெட்டி: தரையில் முட்டை போடும் கோழிகள் குறித்து

வணக்கம். முட்டையிடப் பெட்டி வைத்தும் கோழி தரையில்தான் முட்டை போடுகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

4, 5 கோழிக்கு ஒரு பெட்டி போதும். கூடுதலாக வைத்தாலும் எல்லாம் ஒன்றுக்கேதான் முண்டியடிக்கும், அது இயல்பு. நீளம், அகலம், உயரம் 1 அடி. வாசலில் 4 அங்குலத் தடுப்புப் பலகை கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் கிளறுகிற கிளறலில் வைக்கோலோடு முட்டையும் வெளியே உருளும்.

முக்கியமானது பெட்டி வைக்கும் உயரம். கோழி ராத்திரி தூங்க, இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் அடையும். பெட்டி, அடையும் கம்பை விடத் தாழ்ந்தே இருக்கட்டும். மேலே இருந்தால் ராத்திரி அதிலேயே தூங்கி, எச்சம் போட்டு வைக்கும். காலையில் முட்டை அதில்தான் புரளும். பெட்டியின் மேல்மூடியைச் சரிவாக அடியுங்கள், ஏறி உட்காராது.

புதிதாக முட்டைக்கு வரும் விடைக்கோழி இருட்டு மூலை தேடும். அந்த மூலையைச் செங்கல்லால் அடைத்துவிட்டு, பெட்டிக்குச் சாக்குத் திரை தொங்கவிட்டு, உள்ளே ஒரு பிளாஸ்டிக் முட்டை வையுங்கள். நிஜ முட்டை வேண்டாம். உடைந்து ருசி கண்டால் முட்டையைக் கொத்தித் தின்னும் பழக்கத்தை நிறுத்துவது பெரும்பாடு.

முட்டை பெரும்பாலும் முற்பகலில் விழும். 11 மணிக்கு ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை எடுத்துவிடுங்கள். சேரவிட்டால் ஏதாவது ஒன்று அடைக்கு உட்கார்ந்து பெட்டியைப் பிடித்துக்கொள்ளும்.