‘மை நேட்டிவ்’ என்றால் சிரிப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடி வட்டத்தில் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருபது வருடத்துக்கு மேலாக உங்கள் பத்திரிகைதான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த பதினோரு வருடமும், லீவில் வரும்போதெல்லாம் என் மனைவி அடுக்கி வைத்திருக்கும் ஞாயிறு இணைப்புகளை ஒன்றுவிடாமல் படிப்பேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன ஞாயிறு, ஆங்கிலம் கற்றுத்தரும் பகுதியில் ஒரு வரி வந்திருந்தது. “டெல்டா பக்கத்து மாணவர்கள் ‘மை நேட்டிவ் இஸ் கும்பகோணம்’ என்று தொடங்கும்போது சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு” என்று. அதை எழுதியவர் இந்தப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரிக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்தாராம். என் மகள் அந்த வரி வரைக்கும் படித்தாள். அப்புறம் பேப்பரை நாலாக மடித்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு ஏன் வலித்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

‘ஐ அம் ஃப்ரம் கும்பகோணம்’ என்று சொன்னால் போதும், உண்மைதான். தவறென்றால் திருத்தட்டும், அதற்குத்தானே அந்தப் பகுதி. ஆனால் சிரிக்க என்ன இருக்கிறது? “உங்களுக்கு எந்த ஊர்?” என்று நம்மிடம் ஒருவர் கேட்டால், குடியிருக்கும் இடத்தையா சொல்கிறோம்? சென்னையில் முப்பது வருடம் இருந்தவரும் “நமக்கு நீடாமங்கலம் பக்கம்” என்றுதான் சொல்வார். ‘ஊர்’ என்ற அந்தச் சொல்லுக்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒன்று கிடைக்காமல்தான் அந்தப் பிள்ளை ‘நேட்டிவ்’ என்கிறது. சிங்கப்பூரில் கடைக்காரரிலிருந்து சூப்பர்வைசர் வரை “கேன் லா”, “ஓகே லா” என்றுதான் பேசுவார்கள். சீனம், மலாய், தமிழ் எல்லாம் கலந்து அந்த ஊருக்கென்று வந்த பேச்சு அது. கப்பலில் வெள்ளைக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், வங்காளதேசத்துக்காரர் எல்லோரும் இருந்தோம். நானும் “மை நேட்டிவ் மன்னார்குடி” என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூடப் புரியவில்லை என்று சொன்னதில்லை.

எனக்குப் புரியாமல் போனது வேறு. 2001இல் போய்ச் சேர்ந்து மூன்றாவது மாதம், கப்பலின் பக்கவாட்டில் கட்டிய சாரத்துக்குக் கீழே நின்றிருந்தேன். மேலேயிருந்து ஒருவர் “லுக் அவுட்!” என்று கத்தினார். லுக் என்றால் பார், அவுட் என்றால் வெளியே. பத்தாம் வகுப்பு வரை எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நான் வெளியே, கடல் பக்கமாகத் திரும்பிப் பார்த்தேன். சாரப் பலகை இடது தோளில் விழுந்தது. ‘ஜாக்கிரதை, விலகு’ என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று, ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் திருத்துறைப்பூண்டிக்காரர் ஒருவர் சொன்னார். ஐப்பசி மழை பிடித்தால் அந்தத் தோள் இன்றைக்கும் குடைகிறது.

அந்தத் திருத்துறைப்பூண்டி அண்ணன்தான் எனக்கு ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுத்து, அன்றன்றைக்குக் காதில் விழுவதைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வைக்கச் சொன்னார். ‘ஹேங் ஆன்’ என்றால் தொங்குவதல்ல, கொஞ்சம் பொறு. ‘நாக் ஆஃப்’ என்றால் தட்டிவிடுவதல்ல, வேலையை முடித்துக் கிளம்பு. ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் ஓடுவதல்ல, தீர்ந்துபோய்விட்டது. வெல்டிங் ராடு தீர்ந்தால் அதைச் சொல்லித்தான் ஸ்டோரில் கேட்க வேண்டும். எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள்தான். தனித்தனியாகக் கேட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட அர்த்தம் தெரியும். இரண்டு மூன்று சேர்ந்தவுடன் அர்த்தமே மாறிப்போகிறது. ஆங்கிலத்தில் நம்மை விழவைக்கிற பள்ளம் இதுதான். இதைப் பள்ளியிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை, உங்கள் பகுதியிலும் வருவதில்லை.

உங்கள் பகுதியில் வருவது என்ன? ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’. ‘கிக் தி பக்கெட்’, அதாவது செத்துப்போவது. பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்பது முன்னூறு வருடத்துக்கும் மேலான பழைய சொல். சிங்கப்பூர் மழை உங்களுக்குத் தெரியும், வருடம் முழுக்கக் கொட்டும். பதினோரு வருடத்தில் அந்தச் சொல்லை ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. ‘ஹெவி ரெயின்’ என்பார்கள், அவ்வளவுதான். இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போகிற பிள்ளை இன்டர்வியூவில் என்ன செய்யும்?

என் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இன்ஜினியரிங் கடைசி வருடம், கேம்பஸ் இன்டர்வியூ. பையையும் ஃபைலையும் வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். வெறுங்கையோடு போய் உட்கார்ந்தாள். பாடத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னாள். கடைசியில் ஒருவர், “வாட் டு யூ பிரிங் டு தி டேபிள்?” என்று கேட்டார். எதிரே மேஜை இருக்கிறது. கையில் ஒன்றுமில்லை. இவள் பயந்துபோய், “நத்திங், சார்” என்றாள்.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கேள்விக்கு ‘உன்னால் எங்களுக்கு என்ன பயன், உன்னிடம் என்ன திறமை இருக்கிறது’ என்று அர்த்தம். தாங்கள் அறியாததல்ல. நான்கு வருடம் படித்த பிள்ளை, ‘என்னிடம் ஒன்றுமே இல்லை’ என்று தன் வாயாலேயே சொன்னது போல ஆகிவிட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரும் சிரித்தார்களாம். ஒருவராவது, “அப்படி இல்லைம்மா, நாங்கள் கேட்டது இது” என்று சொல்லியிருக்கலாம். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் அவளை அழைக்கப் போனபோது, பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “அப்பா, டேபிள்னா அவங்க ஊர்ல வேற அர்த்தமா?” என்பதுதான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசவில்லை. இப்போது வேலையில் இருக்கிறாள், நன்றாகப் பேசுகிறாள். ஆனால் ‘சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு’ என்ற வரியைப் படித்தபோது அவள் முகம், பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்றைக்கு இருந்தது போலவே ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் ‘மேக் ஹே வைல் தி சன் ஷைன்ஸ்’ என்பதற்கு உங்கள் பகுதியில், ‘சூரியன் பிரகாசிக்கும்போதே வைக்கோல் தயாரித்துக்கொள்’ என்று போட்டிருந்தார்கள். இதைப் படித்து யாருக்கு என்ன விளங்கும்? வைக்கோலை யார் தயாரிப்பார்கள்? அந்த நாட்டில் மாட்டுக்காகப் புல்லை அறுத்து வெயிலில் காயவைப்பார்கள். நடுவில் மழை பெய்தால் புல் மக்கிப்போகும், குளிர்காலம் முழுக்க மாட்டுக்குத் தீனி இருக்காது. இந்த அவசரம் எங்களுக்குத் தெரியாததா? நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். குறுவை அறுப்பில் மழை விட்டு ஒரு நாள் வெயில் அடித்தால் போதும், வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ரோட்டில் நெல்லைக் கொட்டி, மணிக்கொரு தரம் காலால் அளைந்துவிட்டு, மேற்கே கறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்போம். தார்ப்பாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமை படிக்க வருகிற ஒன்பது பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்றேன். உடனே பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒரு பையன், ‘வைல் தி சன் ஷைன்ஸ்’ என்று சொல்லிக்கொண்டே, இல்லாத நெல்லைக் காலால் அளைந்து காட்டினான்.

ஆங்கிலத்தோடு எங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்பது போலச் சிலர் எழுதுவதையும் பல வருடமாகப் பார்க்கிறேன். மகாகனம் சீனிவாச சாஸ்திரியின் ஆங்கிலப் பேச்சை வெள்ளைக்காரர்களே கொண்டாடினார்கள். அவர் பிறந்த ஊர் வலங்கைமான். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கும்பகோணம் கல்லூரியில்தான் கணித மேதை ராமானுஜன் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். இரண்டு பேரும் எங்கள் மண்தான். ஆங்கிலம் வராத பிள்ளையின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சிரிக்கக் கூடாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கஜா புயல் 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியலில் எங்களை அடித்துப் போட்டது. பக்கத்துத் தோப்பில் தென்னை அத்தனையும் சாய்ந்தது. கடன் தவணைக்கு அவகாசம் கேட்டு, அந்தத் தோப்புக்காரர் ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஆங்கிலத்தில், “ஐ வில் கெட் பேக் டு யூ” என்றார்கள். பத்தாவது படிக்கிற பையன், “திரும்பி வர்றேன்னு சொல்றாங்கப்பா” என்றான். யாரோ நேரில் வரப்போகிறார்கள் என்று அவர் இரண்டு நாள் விழுந்த மரத்தை வெட்டக்கூடப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். தகவல் சொல்கிறோம் என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தத் தகவலும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

மறுப்பு போடுங்கள், வருத்தம் தெரிவியுங்கள் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பகுதி ஆரம்பித்த புதிதில், ஒவ்வொரு சொற்றொடருக்குப் பக்கத்திலும் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு போட்டு வந்தீர்கள். ஒரு வருடமாக அதைக் காணோம். திண்ணைக்கு வருகிற பிள்ளைகளில் நாலு பேருக்கு ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிப்பதே சிரமம். உங்கள் பகுதியை வெட்டி எடுத்து நோட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள், ஆனால் வீட்டுக்குப் போனால் வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. பத்து சொற்றொடர் போடுகிற இடத்தில் ஐந்து போட்டாலும் போதும், தமிழில் உச்சரிப்பையும் சேர்த்துப் போடுங்கள். அன்றாடம் பேசுகிற சொற்றொடர்கள் வேண்டுமென்றால், என் பழைய நோட்டு அப்படியே இருக்கிறது. ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறேன்.

பிள்ளைகள் ஞாயிறு காலை எட்டரைக்கெல்லாம் வந்துவிடுவார்கள். வருகிற வாரமே போட முடிந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்