ஒன்றரை ஷிப்ட் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் தொழிலாளர் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, பதினோரு ஆண்டுகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் தைத்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். நம் மாவட்டத்துக் கிராமங்களில் தையல் பயிற்சி முடித்து வேலைக்குக் கிளம்பும் பெண்களுக்காக ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

என் தாத்தா பாபநாசம் மில்லில் வேலை பார்த்தவர். ஹார்வி சகோதரர்கள் 1880-களில் தாமிரபரணி அருவியின் நீர்விசையை நம்பித் தொடங்கிய ஆலை அது. மில் சங்குதான் எங்கள் ஊருக்குக் கடிகாரம். வேலை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பது ஊர் முழுவதற்கும் கேட்டதால், கூடுதலாக ஒரு மணி நேரம் வேலை வாங்கினாலும் அதை மறைக்க முடியாது.

அதே நிறுவனம் தூத்துக்குடியில் நடத்திய கோரல் மில்லில், 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். தூத்துக்குடி அப்போது நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு நடந்த அந்தப் போராட்டத்தை வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்த, ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலியில் மூண்ட கொந்தளிப்பில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு நான்கு பேர் பலியானார்கள். கப்பலோட்டியவராக அவரை அறிந்த நம் பிள்ளைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்காக அவர் நின்றதும் தெரிய வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

திருப்பூரில் எங்களுக்குச் சங்கு கிடையாது, ஷிப்ட் கணக்குதான் உண்டு. காலை எட்டரைக்குப் பவர் டேபிள் என்னும் மின் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட்; இரவு எட்டரை, ஒன்பது வரை தைத்தால் ஒன்றரை ஷிப்ட். ஏற்றுமதி ஆர்டர் அவசரமென்றால் விடிய விடியவும் ஓடும். ஷிப்டுக்கு 400 ரூபாய் என்றால் ஒன்றரை ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று சனிக்கிழமை எண்ணிக் கொடுப்பார்கள். நானும் அது சரியென்றே பல ஆண்டுகள் நம்பி, நோட்டில் "1½" என்று எழுதிவந்தேன். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே எழுதிவைத்திருந்தது என்பதும், அதன்படி அந்த அரை ஷிப்டுக்கு 200 அல்ல, 400 ரூபாய் வந்திருக்க வேண்டும் என்பதும் மிகவும் தாமதமாகத்தான் எனக்குத் தெரிந்தது. மிகைநேர வேலை என்ற சொல்லே எங்கள் பேச்சில் இல்லாமல், அரை ஷிப்ட் என்ற பெயருக்குள் அது அடங்கிப்போயிருந்தது.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டபோது நான் மகிழ்ந்தேன். ஆனால் பல தையல் கூடங்களில் அந்த 12 மணி நேரம் முன்பிருந்தே நடைமுறையில் இருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: இம்மாவட்டத்தில் அரசு உதவியுடன் நடக்கும் ஒவ்வொரு தையல் பயிற்சியிலும், சான்றிதழ் கொடுப்பதற்கு முன் ஒரு முழு நாளை ஒதுக்கி, ஷிப்ட் கணக்கு, மிகைநேரக் கூலி, வருங்கால வைப்புநிதி எண், புகார் கொடுக்க வேண்டிய அலுவலகம் ஆகியவற்றைச் சொல்லிக் கொடுங்கள். கோரல் மில்லின் கதையையும் அதே வகுப்பில் சொல்லுங்கள். அந்த வகுப்புக்கு வர நான் தயாராக இருக்கிறேன். என் பழைய ஷிப்ட் நோட்டுகள் மூன்று இன்னும் பெட்டியில் இருக்கின்றன, அவற்றையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் தையல் தொழிலாளி