அந்தத் தாளில் மயிலாப்பூர் என்று இருப்பது பிழையில்லை, தம்பி

அன்புள்ள தம்பி,

கொள்ளுப்பாட்டி வேளாங்கண்ணியில் பெற்ற ஞானஸ்நானச் சான்றைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருந்தாய். 1911-ஆம் வருடத்துத் தாள். நாலாக மடித்து மடித்து நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது, மூலையில் நீல முத்திரை பாதி அழிந்துவிட்டது, ஆனால் மேலே 'மயிலாப்பூர் மேற்றிராசனம்' (ஒரு ஆயரின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி, இன்றைய சொல்லில் மறைமாவட்டம்) என்ற எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது. "வேளாங்கண்ணி எங்கே, மயிலாப்பூர் எங்கே, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறதே, எழுதினவர் தப்பாக எழுதிவிட்டார்போல, வம்ச வரைபடத்தில் தஞ்சாவூர் என்று திருத்திவிடுகிறேன்" என்றாய்.

திருத்தாதே. தஞ்சாவூர் மறைமாவட்டம் உண்டானதே 1952-ல்தான். கொள்ளுப்பாட்டி பிறந்தபோது வேளாங்கண்ணி நிஜமாகவே மயிலாப்பூர் ஆயருக்குக் கீழேதான் இருந்தது. அது மட்டுமா, வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் பாண்டேல் கோயிலும் அவர் கையில்தான்!

இது எப்படி வந்தது என்றால், கடல் வழி கண்டுபிடித்த காலத்தில் பாப்பரசர்கள் போர்ச்சுகல் ராஜாவுக்கு ஒரு உரிமை கொடுத்தார்கள். கோயில் கட்டுவதும் குருக்களை அனுப்பிப் பராமரிப்பதும் ராஜாவின் பொறுப்பு, பதிலுக்கு ஆயர்களை முன்மொழிவது அவர் உரிமை. இதைத்தான் பதுரவாதோ என்பார்கள். 1534-ல் கோவா மறைமாவட்டம் அமைந்தபோது அதன் எல்லை நன்னம்பிக்கை முனையிலிருந்து சீனா, ஜப்பான் வரை. ஒரே ஆயர்! பிறகு கொச்சி, மலாக்கா, 1606-ல் மயிலாப்பூர் என்று பிரித்தார்கள். மயிலாப்பூருக்குச் சோழமண்டலக் கரையும் வங்காளமும் பர்மாவின் பெகுவும் போயின.

சரி, ராஜாவின் கை தளர்ந்ததும் என்ன ஆகும்? ஆயர் இல்லாமல் வருடக்கணக்கில் பீடங்கள் காலியாகக் கிடந்தன. போகப்போக இங்கே ஆட்சியும் இங்கிலீஷ்காரன் கைக்குப் போய்விட்டது. 1622-ல் ரோம் தொடங்கிய விசுவாசப் பரப்புச் சபை, ராஜாவைக் கேட்காமலே தன் பிரதிநிதிகளை ஆயர் பட்டத்தோடு அனுப்ப ஆரம்பித்தது. 1834-ல் போர்ச்சுகல் அரசு தன் நாட்டுத் துறவற சபைகளையே கலைத்ததும் ரோமுக்குப் பொறுமை போய்விட்டது. 1838-ல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் ஒரே ஆணையில் மயிலாப்பூர், கொச்சி, கொடுங்கல்லூர் ஆயர்களின் அதிகாரத்தை எடுத்துப் புதிய பிரதிநிதிகளிடம் கொடுத்தார். காகிதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஊரில்தான் சண்டை ஆரம்பித்தது. ராஜாவின் ஒப்புதல் இல்லாத ஆணை செல்லாது என்று கோவா பேராயரின் (அதாவது போர்ச்சுகலின்) பக்கம் நின்ற குருக்கள் அசையவில்லை. கோயில் சாவிக்காக வழக்கு, ஒரே ஊரில் இரண்டு சாமியார், இரண்டு திருவிழா.

எனக்கு இதில் மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. அதிகாரம் இல்லாத குருவிடம் செய்த பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செல்லுமா, அவர் முன்னால் நடந்த கல்யாணம் கல்யாணம்தானா என்ற கேள்வி அன்று பெரிதாக எழுந்தது. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து ஏறி இறங்கின கோயிலிலேயே தாலி கட்டிக்கொண்ட ஒரு பெண்ணிடம் போய் உன் கல்யாணம் சந்தேகம் என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? லிஸ்பனும் ரோமும் போட்ட சண்டையில் அவளுக்கு என்ன பங்கு?

அப்புறம் 1886 ஜூனில் ரோமுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒப்பந்தம் ஆனது, செப்டம்பரில் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் இந்தியா முழுவதுக்கும் முறையான ஆயர் ஆட்சியை நிறுவினார். கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், வராப்புழை, சென்னை, புதுச்சேரி எல்லாம் உயர் மறைமாவட்டம். போர்ச்சுகல் உரிமைக்கு உட்பட்ட மறைமாவட்டமாக மயிலாப்பூருக்கும் மறுபடி உயிர் வந்தது. மயிலாப்பூர் சாந்தோமில் இன்று நாம் பார்க்கும் வெள்ளைக் கோபுரம் அப்போது வந்த ஆயர் ரீட் ட சில்வா கட்டினதுதான். ஆனால் பிரித்த முறை எனக்குச் சரியாகப் படவில்லை. நிலத்தைப் பார்த்துக் கோடு போடாமல், போர்ச்சுகல் பக்கமா ரோம் பக்கமா, யார் எந்தப் பக்கம் நின்றார்களோ அதைப் பார்த்துப் பங்குகளை ஒதுக்கினார்கள். அதனால்தான் ஒரே மதராஸ் பட்டணத்தில் அரண்மனைக்காரத் தெருவில் ஒரு பேராயர், சாந்தோமில் ஒரு ஆயர். அதனால்தான் வேளாங்கண்ணி மயிலாப்பூருக்கு.

1928-ல் இந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் சரிசெய்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1950 ஜூலையில், தன் ஆட்சிக்கு வெளியே இருந்த இந்தியப் பீடங்களில் போர்ச்சுகல் உரிமையைக் கைவிட்டது. 1952 நவம்பரில் சென்னையும் மயிலாப்பூரும் லூயிஸ் மத்தியாஸ் ஆண்டகையின் கீழ் ஒன்றாயின, தெற்கே இருந்த பகுதி தஞ்சாவூர் ஆனது, அடுத்த வருடம் சுந்தரம் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். 1838-லிருந்து எண்ணிப் பார், நூற்றுப் பதினான்கு வருடம்.

கொள்ளுப்பாட்டியின் மகள், நம் அப்பாயிக்குக் கல்யாணம் ஆனது 1955-ல், அம்மா சொல்வார்கள். அந்தத் தாள் பெரியப்பா வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது, போய்ப் பார். அதில் தஞ்சாவூர் என்றுதான் இருக்கும். அதே கோயில், அதே மாதா, தாய் பெயர் எழுதின தாளில் ஒரு மறைமாவட்டம், மகள் தாளில் வேறொன்று. வரைபடத்தில் இரண்டையும் உள்ளபடியே எழுது. அந்த மடிப்பு ஓட்டையை ஒட்டுவதற்கு டேப் மட்டும் போட்டுவிடாதே, பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும்.

அன்புடன்,
அண்ணன்