அப்பா பணத்தை வீசி எறியவில்லை, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் முதல் வருஷத் திதியன்று, சாப்பாடு முடிந்ததும் பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து அந்தக் கதையைச் சொன்னாய். உன் மாமனார் கவரை நீட்டினாராம், தாத்தா அதை அவர் முன்னாலேயே வீசி எறிந்தாராம், ராஜ் கபூரின் ‘பாபி’ ஹிந்திப் படத்தில் வருகிற பெண்ணின் அப்பா ஜாக் பிரகான்சா மாதிரி நிமிர்ந்து நின்றாராம். பிள்ளைகள் கை தட்டினார்கள். உன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அதைக் கெடுக்க எனக்கு அன்று மனம் வரவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுவாய், இல்லை பேச்சை மாற்றுவாய். இங்கே எழுதுவதற்கு என்னை மன்னித்துக்கொள். ஆனால் சபையில் சொன்ன கதைக்குப் பதிலும் சபையில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. யார் பெயரும் இதில் வராது, தொகையும் வராது. உன் புகுந்த வீட்டார் நான் எழுதுவதைப் படிக்கிறார்கள் என்று தெரியும். அந்த வீட்டில் உனக்கு ஒரு சங்கடமும் வரக்கூடாது. அதனால் சில இடங்களைத் தாண்டிப் போகிறேன். உனக்குப் புரியும்.

அன்று நீ காலேஜில் இருந்தாய். அம்மாவைச் சித்தி டெஸ்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். நான் சமையலறை வாசற்படியில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். உன் மாமனார் சஃபாரி சூட்டில் வந்தார், நம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். படத்தில் வருகிற பணக்கார அப்பாபோல அவர் குரல் உயரவே இல்லை. உங்கள் பெண் நல்ல பெண் என்றுதான் ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டூலின் மேல் காக்கி நிறக் கவர் ஒன்றை வைத்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். இப்போது எழுந்திருப்பார், இப்போது கத்துவார் என்று காத்திருந்தேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் அந்த மாதிரிக் காட்சியைப் பார்த்திருக்கிறோம்!

அப்பா அன்றைய பேப்பரை எடுத்து இரண்டாக மடித்து அந்தக் கவரின் மேல் வைத்தார். ஃபேன் காற்றில் பேப்பர் படபடத்தது. தன் டீ டம்ளரை அதன் மேல் வைத்தார். பிறகு, “உங்க டீ ஆறுது, சாப்பிடுங்க” என்றார்.

அவ்வளவுதான் நடந்தது.

அம்மாவின் ஆபரேஷன் சொசைட்டிக் கடனில் நடந்ததாகத்தானே உனக்குச் சொன்னார்கள்? அப்பா அதற்கு முன்பே சொசைட்டியில் வாங்க முடிந்ததையெல்லாம் வாங்கி முடித்திருந்தார். உனக்கு அது தெரிய வேண்டாம் என்று அம்மாவும் அப்பாவும் தீர்மானித்தார்கள், என்னிடமும் சத்தியம் வாங்கினார்கள். அந்தச் சத்தியத்தை இவ்வளவு காலம் காப்பாற்றினேன். இருவரும் போன பிறகு அது யாருக்காக என்று கேட்டுப் பார்த்தேன். பதில் கிடைக்கவில்லை.

அந்தப் படங்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. நமக்கு அவை சொந்த ஊர்ப் படங்கள். பம்பாய்ச் செம்பூரில் ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டூடியோவைத் தாண்டி நடந்து போய்த்தான் நாம் பஸ் பிடித்தோம். 2017-இல் அது தீப்பிடித்து எரிந்தபோது நீ எனக்கு அழுதுகொண்டே போன் செய்தாய். நானும் அன்று தூங்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்தப் படங்களில் ஏழை எதற்கு வேண்டுமானாலும் ஆசைப்படலாம், பணம் மட்டும் தேவைப்படக்கூடாது. தேவைப்பட்டாலும் வாங்கக்கூடாது. 1955-இல் வந்த ‘ஸ்ரீ 420’-இல் ராஜ் கபூர் நேர்மைக்காக வாங்கிய பதக்கத்தோடு பம்பாய்க்கு வருகிறார், பசி தாங்காமல் அதை அடகு வைக்கிறார். அங்கே தொடங்குகிற சறுக்கலிலிருந்து அவரை மீட்டுக் கொண்டுவரத்தான் மிச்சப் படம் முழுவதும். 1975-இல் வந்த ‘தீவார்’-இல் ஷூ பாலிஷ் போடுகிற சிறுவன்கூட வீசிய காசைத் தொடமாட்டான், கையில் கொடு என்பான். நாம் இரண்டு பேரும் அந்தச் சிறுவனாகவே நம்மை நினைத்துக்கொண்டு வளர்ந்தோம். அப்பாவால் அப்படி நினைத்துக்கொள்ள முடியவில்லை. அவருக்கு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள்.

‘பாபி’யை எடுத்துக்கொள். கே.ஏ. அப்பாஸ் எழுதியதில் எல்லாம் கூர்மையாகவே இருக்கிறது. பையனின் பணக்கார அப்பா நாத், பையனை விட்டு விலகப் பணம் தருகிறேன் என்று பெண்ணின் அப்பாவிடம் பேரம் பேசுகிறார், தொழிலுக்கு லாபம் என்று பையனுக்கு வேறு ஒரு பணக்கார வீட்டில் பெண் நிச்சயம் செய்கிறார். பணம் என்ன செய்யும் என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிவிட்டு, கடைசியில் காதலர்கள் அருவியில் குதிக்கிறார்கள், ஒருவர் பிள்ளையை இன்னொருவர் காப்பாற்றுகிறார், எல்லோரும் சேர்ந்துவிடுகிறார்கள். ஜாக் பிரகான்சாவுக்குச் சொந்தத் தொழில் இருந்தது, அதனால் அவர் கோபப்படலாம். அதே கையில் அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் கட்ட வேண்டிய சீட்டு இருந்தால் அந்தக் காட்சி எப்படிப் போயிருக்கும்?

அப்பாவுக்குப் பிடித்த படம் எது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ பாதியில் எழுந்து போவாயே, பிமல் ராயின் ‘தோ பிகா ஜமீன்’. 1953-இல் வந்தது. அந்த விவசாயி தன் கடன் 65 ரூபாய் என்று நினைத்துக்கொண்டு போகிறான், ஜமீன்தார் 235 ரூபாய் என்கிறான். அதற்காகத்தான் கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுக்கிறான். கணக்குச் சொல்கிற படம் இது ஒன்றுதான் என்பார் அப்பா. அதில் அந்தப் பையன் தான் திருடியதால்தான் அம்மாவுக்கு விபத்து நடந்தது என்று நம்பி நோட்டுகளைக் கிழித்துப் போடுகிற இடம் வரும். அம்மா பிழைக்கக் காசு வேண்டியிருக்கிற நேரத்தில் கிழிக்கிறான். அந்த இடம் வந்தால் அப்பா திரையைப் பார்க்கமாட்டார், என்னைப் பார்ப்பார்.

இப்போது உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அப்பா உன்னைக் கெஞ்சினார், ஒரு வருஷம் தள்ளிப்போடு என்றார். ஜாதி பார்க்கிறார், கோழை என்று நீ சொன்னாய். அவர் வாய் திறக்கவில்லை. நீ ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட அன்று அவர் வாக்குத் தவறியவர் ஆனார், கடனாளியும் ஆனார். உன் வீட்டில் அவர் தண்ணீருக்கு மேல் எதுவும் வாங்கிக் குடித்ததில்லை. அதை ரோஷம் என்று நீ ஊரெல்லாம் சொன்னாய். அக்கா, அது கூச்சம்.

நீ காதலித்தது தப்பென்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அத்தான் மாதிரி ஒரு மனிதர் எங்களுக்குக் கிடைத்தது உன்னால்தான். நீ வீட்டை விட்டுப் போன அன்று உன் பாவாடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கியவன் நான்.

உன் மாமனாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் அந்தப் பணத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை, அத்தையிடம்கூட. சண்டை வந்த நாட்களில் ஒரு வார்த்தை போதும், அப்பாவை அவர் தெருவில் நிறுத்தியிருக்கலாம். அதைச் செய்யாததற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டவன். அந்தக் கவரோடு நம் வீட்டுக்கு வந்ததற்கு இன்னும் மன்னிக்கவும் இல்லை. இரண்டும் உண்மைதான்.

அப்பா ரிட்டயர் ஆனபோது கிராஜுவிட்டி பணத்திலிருந்து ஒரு பகுதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கூடப் போனவன் நான். உன் மாமனார் எண்ணாமல் வாங்கி மேஜை டிராயரில் வைத்தார். மீதியை அவர் கேட்கவில்லை, அப்பாவும் கொடுக்கவில்லை, என் இன்ஜினியரிங் ஃபீஸ் இருந்தது. இதை வைத்து அப்பாவை மறுபடியும் ஹீரோ ஆக்கிவிடாதே. பாதிதான் திரும்பிப் போயிற்று. அந்தப் பணத்தில் அம்மா எழுந்து நடந்தாள், உன் இரண்டு பிரசவத்துக்கும் வந்து நின்றாள், உன் பிள்ளைகளைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள்.

பிள்ளைகளிடம் இனி என்ன சொல்வது என்பது உன் இஷ்டம். மாற்றிச் சொல்வதாக இருந்தால் அந்த டீ டம்ளரையும் சேர்த்துச் சொல். கோபம் வந்தால் எனக்கே போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன். ஃபேமிலி குரூப்பில் மட்டும் எதுவும் எழுதாதே.

உன் தம்பி