கடிதம் யாரிடம் கேட்பது

மஞ்சக்குப்பம், கடலூர்
தை 6

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நேற்று ஆற்றுத் திருவிழா. ஆயாவை ஆட்டோவில் பெண்ணையாற்றங்கரைக்குக் கூட்டிப்போய் சாமி பார்க்க வைத்து, சுருளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் வாட்ஸ்அப். அங்கே அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்கு உன்னைப் பற்றிச் சிபாரிசுக் கடிதம் கேட்கப்போகிற மூன்று பேரை எழுதியிருந்தாய். 300 பேர் உட்காரும் உயிரியல் வகுப்பின் பேர்போன பேராசிரியர், பெரியப்பாவின் நண்பரான இதய மருத்துவர், நீ வேலை செய்கிற ஆய்வகத்தின் தலைவர். "ஓகேவாப்பா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதியிலேயே வகுப்புக்கு நேரமாச்சு என்பாய். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஓகே இல்லை கண்ணு.

இங்கே உன் தோழிகளுக்கு இந்தக் கவலையே கிடையாது. நீட்டில் 720க்கு எத்தனை, கலந்தாய்வில் எந்தக் கல்லூரி, அவ்வளவுதான். ஜிப்மருக்கும் அதே கணக்கு. பிள்ளையின் குணத்தைப் பற்றி எழுதுகிற ஒரே இடம் பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழ். 'நன்று' என்று ஒரு சொல், எல்லாருக்கும் அதே சொல். அதனால் கடிதம் என்றதும் நமக்குப் பெரிய மனிதர், லெட்டர்பேடு, பச்சை மை கையெழுத்து என்றுதான் மனசு போகிறது. நானும் அப்படித்தான் போனேன்.

இதை உன்னிடம் சொன்னதில்லை. 1997இல், பொறியியல் கடைசி வருஷம், மேல்படிப்புக்கு அமெரிக்காவுக்கு விண்ணப்பம் போட்டேன். மூன்று கடிதம் வேண்டும். துறைத் தலைவரிடம் போனேன். "நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போடுறேன்" என்றார். மற்ற இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். மூன்றையும் நானே எழுதி, திருப்பாதிரிப்புலியூரில் ஒரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், ஒரே மெஷினில் அடித்து வாங்கினேன். மூன்றிலும் 'கடின உழைப்பாளி, நற்குணம் உள்ளவர்'. அந்த மெஷினில் ஆங்கில 'ஈ' எழுத்து கொஞ்சம் மேலே தூக்கி விழும். மூன்று கடிதத்திலும் தூக்கித்தான் இருந்தது. நாலு இடத்திலும் கிடைக்கவில்லை. கடிதத்தால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருஷம் எங்கள் ஆய்வகத்தில் பழுதாகிக் கிடந்த ஒரு ஆஸிலோஸ்கோப்பை, மின் அலையைத் திரையில் காட்டும் கருவி அது, நான் ஆறு மாசம் கழற்றி மாட்டி ஓட வைத்தேன். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் ஒரு தற்காலிக விரிவுரையாளர். சாயந்திரம் பூட்டும்வரை எனக்காக இருப்பார். பேருக்கு முன்னால் டாக்டர் பட்டம் இல்லை என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை. அது இன்னும் மனசில் இருக்கிறது.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் கடிதம் எழுதுகிறவர்களுக்குச் சொல்லியிருப்பதைப் படித்தேன். அவர்கள் அதை மதிப்பீட்டுக் கடிதம் என்றுதான் சொல்கிறார்கள். மாணவருக்காக வாதாட வேண்டாம், உள்ளதை மதிப்பிட்டு எழுதுங்கள். எவ்வளவு காலமாக, எந்த வகையில் தெரியும், நேரில் என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள் என்கிறார்கள். உயிரியல் பேராசிரியர் நேரில் என்ன பார்த்தார்? நீ ஏ வாங்கியதை. அது மார்க் ஷீட்டிலேயே இருக்கிறதே.

கரிம வேதியியல் ஆசிரியரிடம் ஏன் கேட்கவில்லை? பி பிளஸ் என்று வெட்கப்படுகிறாய், தெரியும். முதல் பரீட்சையில் சறுக்கிய பிறகு புதன்கிழமைதோறும் அவர் அறைக்குப் போனாய். ஒரு நாள் ராத்திரி போனில் சொன்னாயே, போர்டில் ஒரு வினையின் படிகளைத் தப்பாகப் போட்டு அழித்து, மறுபடி தப்பாகப் போட்டு, ஐந்தாவது தடவை சரியாக வந்ததும் அவர் எதுவும் பேசாமல் அடுத்த கணக்கை எழுதினார் என்று. உன்னைப் பற்றி எழுத அவரிடம் விஷயம் இருக்கிறது.

அதேபோல முதியோர் இல்லத்துச் செவிலியர் மேற்பார்வையாளர். பக்கவாதம் வந்த பாட்டிக்கு ஊட்டும்போது, ஒவ்வொரு கரண்டிக்கும் நடுவில் அவர் விழுங்கும்வரை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க நீ கற்றுக்கொண்டதைப் பார்த்தவர் அவர்தானே.

இதய மருத்துவர் வேண்டாம். நீ இரண்டு நாள் அவர் பின்னால் நின்று அவர் வேலையைப் பார்த்ததற்கு அவர் என்ன எழுதுவார்? நண்பர் வீட்டுப் பெண், நல்ல பெண் என்றுதான். பெரியப்பா வருத்தப்படுவாரோ என்று தயங்காதே; அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆய்வகத் தலைவரை வைத்துக்கொள். ஆனால் தினமும் உன்னோடு வேலை செய்வது அந்த ஆய்வாளர் அக்காதான். அவர் எழுதி, தலைவரும் சேர்ந்து கையெழுத்திடுவது அங்கே வழக்கம்தான். தயங்காமல் கேள். பல கல்லூரிகள் அறிவியல் ஆசிரியர் 2 பேர், அறிவியல் அல்லாத பாடத்தில் ஒருவர் என்று கேட்கின்றன, ஒவ்வொன்றின் விதியையும் தனியாகப் பார். ஆம்காஸ் என்கிற பொது விண்ணப்பத் தளத்தில் 10 கடிதம்வரை ஏற்றலாம் என்பதற்காகப் பத்தையும் நிரப்பாதே. உன் கல்லூரியில் ஆலோசகர்கள் குழுவாகச் சேர்ந்து எழுதும் குழுக் கடிதம் கொடுப்பார்களா என்பதை முதலில் விசாரி; கொடுத்தால் அவர்கள் கெடு முன்னாலேயே வந்துவிடும்.

நேரில் போய்க் கேள். "கடிதம் தருவீர்களா" என்று கேட்டால் யாருக்கும் இல்லை என்று சொல்ல மனசு வராது. "என்னைப் பற்றி உறுதியாக, நல்லவிதமாக எழுத முடியுமா" என்று கேள். முகத்தில் ஒரு நொடி தயக்கம் தெரிந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. தயங்கி எழுதின கடிதம், கடிதம் இல்லாததைவிடக் கெடுதல். ஒத்துக்கொண்டால் உன் மார்க் ஷீட், நீ எழுதிய சுயவிளக்கக் கட்டுரை, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பது, மூன்றையும் கொடு. நீயே எழுதிக்கொண்டு வா என்று அங்கேயும் யாராவது சொன்னால், வேறு ஆளைப் பார்.

கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுத்தருகிறாயா என்று கேட்பார்கள். அங்கே 1974இல் வந்த சட்டம் மாணவருக்குக் கொடுத்த உரிமை அது. விட்டுக்கொடு. நீ படிக்க மாட்டாய் என்று தெரிந்தால்தான் அவர்கள் மனம்விட்டு எழுதுவார்கள், வாசிப்பவர்களும் நம்புவார்கள்.

மே மாசம் படிவம் திறக்கும். கடிதம் வராவிட்டாலும் விண்ணப்பத்தைச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவார்கள், அதற்காக அனுப்பாமல் நிறுத்தி வைக்காதே. ஆனால் கேட்பதை இந்த மாசமே கேட்டுவிடு. எழுதுகிறவருக்கும் வேலை இருக்கும்.

ஆயா கிழங்கை வேகவைத்து, உனக்கு அனுப்ப முடியாது என்று முனகிக்கொண்டிருக்கிறார். அம்மா உன் தலைமுடி கொட்டுவது நின்றதா என்று கேட்கிறாள். வரும் புதன்கிழமை வேதியியல் ஆசிரியரைப் பார்த்துவிட்டு, நம் ஊரில் எத்தனை மணியானாலும் பரவாயில்லை, போன் பண்ணு. விழித்திருப்பேன்.

அப்பா