எண்ணெய் போடாத ஃபோம் புழுதியைப் பிடிக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மண்பாதையில் ஓட்டும் பைக்குகளின் பராமரிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் பட்டறையில் மூன்று பேர் மாற்றி மாற்றிப் படித்தோம். செயின், பிரேக், டயர் காற்று பற்றி எழுதியதெல்லாம் சரி. இன்ஜினுக்குப் போகிற காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் பற்றிய பத்தியில் மட்டும், அதிலிருக்கும் ஸ்பாஞ்ச் போன்ற ஃபோமைக் கழற்றிப் பெட்ரோலில் அலசி, காயவைத்து மாட்டிவிட வேண்டும் என்று முடித்துவிட்டீர்கள். அதை அப்படியே செய்துவந்த ஒரு வண்டியின் இன்ஜினைப் போன கோடையில் நான் இறக்கிப் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒடுகத்தூரில் 22 வருடமாக டூ வீலர் பட்டறை வைத்திருக்கிறேன். ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கம் போகிறவர்கள் இந்த வழியாகத்தான் ஏறுவார்கள். தார் போட்ட இடம் போக, மலையில் ஊருக்கு ஊர் பிரிகிற பாதைகள் இன்னும் மண்தான். சனி, ஞாயிறு வந்தால் வேலூர், ஆம்பூர் பையன்கள் மண்பாதைக்கென்றே செய்த டர்ட் பைக்கில் கும்பலாகக் கிளம்பி வருவார்கள். சித்திரை, வைகாசியில் அவர்கள் திரும்பி இறங்கும்போது புருவம்வரைக்கும் செம்மண் அப்பியிருக்கும். முகத்தைக் கழுவிக்கொள்ளலாம். வண்டி மூச்சோடு உள்ளே இழுத்ததை எப்படிக் கழுவுவது?

குடியாத்தம் பக்கத்துத் தம்பி ஒருவர் கொண்டுவந்த வண்டி அது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கினால் நீலமாகப் புகை, மேட்டில் இழுவை இல்லை, ஊற்றிய ஆயில் மாதம் முடிவதற்குள் குறைந்துவிடுகிறது. “அண்ணா, ஃபில்டரை வாரா வாரம் நானே கழுவறேன், அதுல ஒண்ணும் இருக்காது” என்றார். சீட்டைத் தூக்கி ஃபில்டரை எடுத்தேன். அவர் சொன்னது உண்மைதான். கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மஞ்சள் நிறம் மாறாமல் பளிச்சென்று இருந்தது, ஆனால் ரஸ்க் மாதிரி காய்ந்துபோயிருந்தது. ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குக் காற்று போகிற ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டு ஒரு சுற்று சுற்றினேன். குங்குமச் சிமிழில் விட்டு எடுத்த மாதிரி விரல் நுனி சிவந்து வந்தது. அதைப் பார்த்ததும் அந்தத் தம்பியின் முகமே மாறிவிட்டது. அப்புறம் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் ஏறி இறங்குகிற போரைப் பார்த்தால், மேலிருந்து கீழாக நகம் மாட்டுகிற அளவுக்குக் கீறல். பிஸ்டன், அதைச் சுற்றியிருக்கும் ரிங், போர் எல்லாம் வேலை வைத்தது. சோம்பேறி ஒருவரின் வண்டி என்றால் எனக்கு மனசு இவ்வளவு அடித்துக்கொண்டிருக்காது. வாரம் தவறாமல் உட்கார்ந்து கழுவிய பிள்ளை அவர்.

விஷயம் இதுதான். ஃபோமில் உள்ள கண்கள் நம் ஊர்ப் புழுதியைவிடப் பெரியவை. வெறும் ஃபோம் சருகையும் பூச்சியையும் தடுக்கும், மாவு போன்ற மண்ணைத் தடுக்காது. மண்ணைப் பிடிப்பது அதில் ஊறியிருக்கும் பிசுபிசுப்பான எண்ணெய்தான். நம் பக்கத்து மண் கருங்கல் மலை கரைந்து வந்த மண், அதில் குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கும். எஃகுக் கத்தியாலும் கீற முடியாத கடினம் அது. ரிங்குக்கும் போருக்கும் நடுவில் அது போய் உட்கார்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற கதைதான்.

பெட்ரோலும் வேண்டாம். ஃபோமின் இரண்டு பாகங்களை ஒட்டிய பசையை அது இளக்கிவிடும், நாளடைவில் ஃபோமும் பொடியும். பிரிந்த ஒட்டு வழியாகப் போகிற காற்றை எந்த எண்ணெயும் வடிகட்டாது. வேலூர் வெயிலில், வீட்டு வாசலில், பெட்ரோல் பக்கெட்டுடன் பிள்ளைகள் உட்காருவதை நினைத்தாலே எனக்குப் பகீர் என்கிறது. இதற்கென்றே கிளீனர் விற்கிறார்கள். கிடைக்காதபோது நான் மண்ணெண்ணெய் வைத்துக்கொள்கிறேன், அதையும் நெருப்புக்குத் தள்ளி, காற்றோட்டமான இடத்தில்தான். முதலில் கிளீனரில் அமுக்கி அமுக்கி அழுக்கை விடவைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் அலச வேண்டும். துணி பிழிகிற மாதிரி முறுக்கக் கூடாது, ஒட்டு விட்டுப்போகும். உள்ளங்கைக்குள் வைத்து அமுக்கினால் போதும். நிழலில் முழுசாகக் காய வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் எண்ணெய் ஒட்டாது.

காய்ந்தபின் ஃபில்டர் ஆயிலை ஊற்றி, கையுறை போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் தேய்க்கிற பொறுமையோடு பிசைய வேண்டும். பெரும்பாலும் நீலம், சிவப்பு என்று நிறம் கலந்தே வரும், எங்கே படவில்லை என்று கண்ணுக்குத் தெரியும். மிச்சத்தை அமுக்கி எடுத்துவிட்டு, விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினால் ஓரத்திலும் மண் நுழையாது. அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் போடுகிறவர்கள் உண்டு. அது மெல்லக் கீழே வடிந்துவிடும், மேல் பாதி மறுபடி வறண்டுபோகும். ஒருமுறை கிளம்பிப் போய்வரத் தேவலை, ஆனால் அதை நம்பி மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது.

ஃபில்டரை எடுத்தவுடன் இன்ஜின் பக்கத்துத் துளையில் சுத்தமான துணி ஒன்றை அடைத்துவிடுங்கள் என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம். இல்லாவிட்டால் ஃபில்டர் பெட்டிக்குள் கிடக்கும் மண்ணைத் துடைக்கும்போது அது நேராக உள்ளே விழுந்துவிடும். ஒருமுறை ஒரு பெட்டிக்குள் எலி வைக்கோல் கொண்டுவந்து கூடு கட்டி, ஃபோமில் ஒரு மூலையைத் தின்றும் வைத்திருந்தது. அப்படிக் கிழிந்த ஃபோமையும், விரலால் அழுத்தினால் உதிர்கிற ஃபோமையும் கழுவிப் பயனில்லை, புதுசுதான் போட வேண்டும். இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒட்டுப் பிரிந்திருப்பது தெரிந்துவிடும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று கேட்பார்கள். புழுதியில் கிலோமீட்டர் கணக்கு செல்லாது. கும்பலில் கடைசியாக, முன்னே போகிறவர் கிளப்பிய மண்ணில் ஓட்டியவர் அன்றைக்கே கழற்றிப் பார்க்க வேண்டும். எண்ணெய் போட்ட ஃபோம் ஒன்றைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருந்தால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

இதே புழுதியில் மலைக்காரர்கள் சாமை மூட்டையும் புளியும் ஏற்றிக்கொண்டு தினமும் சாதாரண பைக்கில் இறங்குகிறார்கள். அவர்கள் வண்டியில் இருப்பது பெரும்பாலும் காகித ஃபில்டர். அதைத் தண்ணீரில் கழுவவே கூடாது. எண்ணெய் பூசிய காகிதம் என்றால் கம்ப்ரசரில் காற்றும் அடிக்கக் கூடாது. ஆனால் சர்வீஸுக்கு விட்டால் பல இடங்களில் காற்றடித்துத்தான் திருப்பி மாட்டுகிறார்கள். வண்டியோடு தரும் புத்தகத்தில் போட்ட தூரத்தில் பாதியிலேயே புதுசு மாற்றச் சொல்லித்தான் நான் அவர்களிடம் சொல்கிறேன். ஃபில்டர் சில நூறு ரூபாய். இன்ஜினை இறக்கினால் பல ஆயிரம், அதோடு வண்டி நிற்கிற நாட்களில் சந்தைக்குச் சரக்கு இறங்காது.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இந்த வாரமே யாராவது ஃபோமைப் பெட்ரோலில் போட்டிருப்பார்கள். அடுத்த இதழில், அதே பக்கத்தில், எண்ணெய் பற்றியும் பெட்ரோல் வேண்டாம் என்றும் கட்டம் கட்டிப் போடுங்கள். கிழித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டுவதற்கு எங்களுக்கும் வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
டூ வீலர் மெக்கானிக்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.