திரும்பி வருகிறவனுக்கு ஒரு ஷரத்து

அன்புள்ள பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இன்றைக்கும் ஒரு சமாதான உடன்படிக்கைதான் நடத்தினார்கள் அம்மா. கையெழுத்துப் போட்டார்கள், அப்புறம் கிழித்தார்கள். இதைப் படிக்கத்தானா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றாய். எனக்கு வாயடைத்துப் போனது. முப்பது வருடம் வரலாறு நடத்தியவளிடம் மகள் கேட்ட கேள்விக்கு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றத்தான் முடிந்தது. அதன்பிறகு நாலு நாளாக யோசித்து இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

முதலில் என் பங்குக் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் உடன்படிக்கைகளை ஆண்டுகளாகவும் பட்டியலாகவும்தான் நடத்தினேன். முதல் உலகப் போரை முடித்த வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையின் ஷரத்துகள் யாவை, ஐந்து மதிப்பெண். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதுவார்கள், நானும் மதிப்பெண் போடுவேன். அந்த அறைக்குள் யார் இருந்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்று ஒரு நாளும் நின்று பேசியதில்லை. உனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் சில உடன்படிக்கைகளின் வாசகங்களையே எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. முகவுரையில் எல்லாரும் அன்பையும் நித்திய நட்பையும்தான் எழுதுகிறார்கள், அதில் ஒன்றும் தெரியாது. பின்பக்கத்துக்குப் போக வேண்டும். தோற்றவனையும் ஓடிப்போனவனையும் வீடு திரும்புகிறவனையும் என்ன செய்வதாக எழுதியிருக்கிறார்கள் என்று அங்கேதான் பார்க்க வேண்டும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது நான் படித்தவற்றிலேயே பழைய ஒன்று. எகிப்தின் இரண்டாம் ராம்செஸும் ஹிட்டைட் மன்னன் மூன்றாம் ஹட்டுசிலியும் கி.மு. 1259 வாக்கில் செய்துகொண்டது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் காதேஷ் என்ற இடத்தில் இரு படைகளும் மோதின. ராம்செஸ் அதைத் தன் மகத்தான வெற்றியாகக் கோயில் சுவர்களிலெல்லாம் செதுக்கி வைத்தான். ஆனால் காதேஷ் நகரம் ஹிட்டைட்டுகளின் கையிலேயேதான் இருந்தது. உடன்படிக்கையை முதலில் வெள்ளித் தகட்டில் எழுதினார்கள். அந்தத் தகடுகள் நமக்குக் கிடைக்கவில்லை. எகிப்துப் பிரதி கர்நாக் கோயில் சுவரில் கல்வெட்டாக நின்றது. ஹிட்டைட் பிரதி, இன்றைய துருக்கியில் உள்ள அவர்களுடைய தலைநகர் ஹட்டுசாவின் இடிபாடுகளில், அக்காடிய மொழியில் எழுதிய களிமண் பலகைகளாக 1906-இல் கிடைத்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிரிந்து கிடந்த இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொருள் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. எனக்கு அதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

அதில் ஒரு பகுதி, ஒரு நாட்டிலிருந்து தப்பி இன்னொரு நாட்டுக்கு ஓடியவர்களைப் பற்றியது. அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது. அதோடு நிறுத்தியிருந்தால் அது மன்னர்களுக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல், அவ்வளவுதான். ஆனால் மேலே எழுதியிருக்கிறார்கள்: திரும்பி வருகிறவன்மீது பழைய குற்றத்தைச் சுமத்தக் கூடாது, அவன் வீட்டையும் மனைவியையும் பிள்ளைகளையும் அழிக்கக் கூடாது, அவனைக் கொல்லக் கூடாது, அவன் கண்ணுக்கும் காதுக்கும் வாய்க்கும் காலுக்கும் ஊறு செய்யக் கூடாது. கண், காது, வாய், கால் என்று ஒவ்வொன்றாக ஏன் எழுத வேண்டும் பாப்பா? திரும்பி வந்தவர்களுக்கு அதுவரை அப்படியெல்லாம் நடந்திருக்கிறது, வேறென்ன? தேர்ப்படைகளையும் எல்லைகளையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரரசுகள், பெயர் தெரியாத ஒருவனுடைய கண்ணுக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கின்றன. அந்தக் களிமண் பலகையின் பிரதி ஒன்றைத் துருக்கி 1970-இல் ஐ.நா.வுக்குக் கொடுத்தது. நியூயார்க்கில் பாதுகாப்பு சபை அறைக்கு வெளியே சுவரில் இருக்கிறது. என்றைக்காவது அந்தப் பக்கம் போனால் எனக்காக ஒரு நிமிடம் அதன்முன் நில்.

1648-இல் ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை முடித்த வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை பற்றி உன் பேராசிரியர்கள் இறையாண்மை, இறையாண்மை என்று வேண்டிய அளவு சொல்லியிருப்பார்கள். நான் ஒன்றுதான் சொல்வேன். முப்பது வருடம் வெட்டிக்கொண்ட பிறகு, இரண்டு தரப்பும் ஒரே ஊரில் கூட முடியாமல் மூன்ஸ்டரிலும் ஓஸ்னாப்ரூக்கிலும் தனித்தனியாக உட்கார்ந்து எழுதிய அந்த ஆவணத்தின் தொடக்கத்திலேயே, போரில் நடந்தவற்றை எல்லாம் நிரந்தரமாக மறப்பதாக ஒரு ஷரத்து வருகிறது. மனதால் மறக்கச் சொல்லவில்லை, அது யாராலும் முடியாது. பழைய கணக்கைக் காட்டி வழக்குப் போடாதே, பழி தீர்க்காதே என்பதுதான் அதன் பொருள்.

சரி, வெர்செய்ல்ஸுக்கு வருகிறேன். நீ கோபப்பட்டதே அதைப் பற்றித்தான். 1919 மே 7 அன்று வரைவை ஜெர்மானியரிடம் கொடுத்தார்கள். எதிரே உட்கார்ந்து பேச அனுமதி இல்லை, எழுத்தில் பதில் சொல்லப் பதினைந்து நாள். ஜூன் 28-இல் வெர்செய்ல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் கையெழுத்து. 1871-இல் பிரான்சைத் தோற்கடித்துவிட்டு ஜெர்மன் பேரரசைப் பிரகடனம் செய்தது அதே மண்டபத்தில். இடத்தைத் தேர்ந்தெடுத்தபோதே பழைய அவமானத்துக்குப் பதில் அவமானம் என்று முடிவு செய்துவிட்டார்கள். போரின் இழப்புகளுக்கெல்லாம் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளுமே பொறுப்பு என்று 231-ஆவது ஷரத்து. 1921-இல் இழப்பீட்டுத் தொகை 13,200 கோடி தங்க மார்க் என்று நிர்ணயித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு இது மட்டும்தான் காரணம் என்று வகுப்பில் நான் சொன்னது அவசரமான வார்த்தை, அதைத் திருத்திக்கொள். பொருளாதார வீழ்ச்சி இருந்தது, அந்த நாட்டிலேயே ஜனநாயகத்தைக் கைவிட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் வெறுப்பை விற்க வந்தவனுக்கு அந்தக் காகிதம் கையிலேயே கிடைத்த சரக்கு. 1940-இல் பிரான்ஸ் தோற்றபோது, 1918-இன் போர்நிறுத்தம் கையெழுத்தான அதே ரயில் பெட்டியை வெளியே கொண்டுவந்து, அதற்குள் பிரான்சைக் கையெழுத்துப் போட வைத்தான் ஹிட்லர்.

வெர்செய்ல்ஸுக்கு நூறு வருடம் முன்னால், நெப்போலியன் போர்களை முடிக்க வியன்னாவில் கூடியவர்களும் ஒன்றும் மகான்கள் இல்லை. மன்னராட்சியைக் காப்பாற்ற வந்தவர்கள். மக்களைக் கேட்காமல் நாடுகளைப் பங்கு போட்டவர்கள். ஆனாலும் தோற்ற பிரான்சின் வெளியுறவு அமைச்சர் டாலிரானுக்கு அங்கே நாற்காலி கிடைத்தது. வாட்டர்லூவில் நெப்போலியன் கடைசியாகத் தோற்ற பிறகு பிரான்சின் மீது 70 கோடி ஃபிராங்க் இழப்பீடும் அந்நியப் படைகளும் வந்தன, உண்மைதான். 1818-இலேயே படைகள் கிளம்பிவிட்டன, பிரான்சும் மற்ற வல்லரசுகளோடு சமமாக உட்கார்ந்தது. இன்னொன்றையும் பார். 1953-இல் லண்டனில் மேற்கு ஜெர்மனியின் பழைய கடனில் ஏறக்குறையப் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். மீதியை நாடு மூச்சுத் திணறாமல் கட்டும்படி தவணை வைத்தார்கள். பாடப்புத்தகத்தில் வெர்செய்ல்ஸுக்கு நாலு பக்கம் கொடுத்த நாங்கள், லண்டனுக்கு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை.

ஒரு வார்த்தை எவ்வளவு கனம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன், நீ இரண்டு மொழிகளுக்கு நடுவே வாழ்கிறவள் என்பதால். 1889-இல் இத்தாலியும் எத்தியோப்பியாவும் வுச்சாலேயில் ஒப்பந்தம் செய்தன. 17-ஆவது ஷரத்து, அம்ஹாரிக் மொழியில், மற்ற நாடுகளோடு பேச எத்தியோப்பிய மன்னர் இத்தாலியின் உதவியைப் பெற்றுக்கொள்ளலாம் என்றது. இத்தாலிய மொழியில், இத்தாலியின் வழியாகவே பேச வேண்டும் என்றது. "லாம்" என்பதற்கும் "வேண்டும்" என்பதற்கும் நடுவில் ஒரு நாட்டின் சுதந்திரம் மாட்டிக்கொண்டது. மன்னர் மெனெலிக் ஒப்பந்தத்தை நிராகரித்தார். 1896-இல் அத்வா போர்க்களத்தில் இத்தாலி தோற்ற பிறகுதான் அந்தச் சண்டை தீர்ந்தது.

இனி எழுதப்போவது எனக்குக் கை நடுங்கும் இடம். 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதானம் பேசக் கூடியபோது, இலங்கையின் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்த்தன எழுந்து, பகை பகையால் தணியாது, அன்பினாலேயே தணியும் என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, எங்களுக்கு ஜப்பானிடமிருந்து இழப்பீடு வேண்டாம் என்றார். சபை உருகிப் போனதாகச் சொல்கிறார்கள். ஜப்பான் இன்றும் அதை நன்றியோடு நினைக்கிறது. அதே மனிதர் குடியரசுத் தலைவராக இருந்தபோதுதான் 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறை நடந்தது. தூரத்து எதிரிக்குக் கொடுக்க முடிந்த அந்த வாக்கு, சொந்த நாட்டுத் தமிழருக்குக் கிடைக்கவில்லை. 1987 ஜூலை 29-இல் அவரும் ராஜீவ் காந்தியும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். 48 மணி நேரத்தில் சண்டை நிற்க வேண்டும், அதிலிருந்து 72 மணி நேரத்தில் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆயுதம் வைத்திருந்தவர்கள் அதில் கையெழுத்திட்ட தரப்பே இல்லை. அக்டோபரில் அமைதி காக்கப் போன படையும் புலிகளும் சண்டையிட்டார்கள். நடுவில் அகப்பட்டுச் செத்தது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒப்பந்தத்தில் நல்ல வரிகளும் உண்டு. தமிழும் ஆட்சிமொழி என்ற வரி உண்டு, மாகாண சபைகள் அதன் வழியாகத்தான் வந்தன. ஆனால் யாருடைய வாழ்க்கையை எழுதினார்களோ அவர்கள் அந்த மேசையில் இல்லை. இதை ஒரு வழக்கமான வரலாற்றுப் பாடமாக என்னால் நடத்த முடிந்ததே இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, "நான் சொன்னதைத்தானே நீயும் சொல்கிறாய்" என்பாய். இல்லை கண்ணே. வட அயர்லாந்தைப் பார். பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்றவர்களும் அயர்லாந்தோடு சேர வேண்டும் என்றவர்களும் முப்பது வருடம் மோதிய இடம். பேச்சுவார்த்தையை நடத்தியவர் ஜார்ஜ் மிட்செல், அமெரிக்காவின் முன்னாள் செனட்டர். பேச்சு நடந்துகொண்டிருந்தபோது 1997-இல் அவருக்கு மகன் பிறந்தான். அதே நாளில் வட அயர்லாந்தில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று விசாரித்தார். 61 என்றார்கள். என் பிள்ளைக்குக் கிடைக்கும் வாழ்க்கை அந்த 61 பேருக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்ப அந்த மேசைக்குப் போனதாக அவரே பிறகு சொல்லியிருக்கிறார். நீ பிறந்த அன்று நானும் வேறு எதையும் நினைக்கவில்லை என்பதால் இது எனக்குப் புரிகிறது. துப்பாக்கி ஏந்திய குழுக்களோடு தொடர்புள்ள கட்சிகளும் அந்தப் பேச்சில் உட்கார்ந்தன. 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளி அன்று உடன்பாடு. மே மாதம் மக்களிடமே வாக்கெடுப்பு. வட அயர்லாந்தில் 71 சதவீதம் பேர் சரி என்றார்கள்.

நாலே மாதத்தில், ஆகஸ்ட் 15-இல், ஓமா நகரில் குண்டு வெடித்து 29 பேர் இறந்தார்கள். வேறு எங்கேயாவது என்றால் காகிதம் அன்றைக்கே கிழிந்திருக்கும். அங்கே கிழியவில்லை. அதன் பின்பக்கங்களைப் படித்தால் ஏன் என்று தெரியும். அங்கே பிறந்தவர் தன்னை அயர்லாந்துக்காரர் என்றோ பிரிட்டிஷ்காரர் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம், இரண்டு குடியுரிமையும் வைத்துக்கொள்ளலாம். போர்நிறுத்தத்தை மதிக்கும் குழுக்களின் கைதிகள் இரண்டு ஆண்டுக்குள் வெளியே வரலாம். 400-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். கொலை செய்தவன் தெருவில் நடப்பதை, செத்தவனின் தாய் பார்த்துக்கொண்டு நின்றாள். அது நியாயமா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அந்தத் தாயிடம் அது எவ்வளவு பெரிய கடனை வாங்கியது என்று மட்டும் தெரியும். ஆயுதங்களை இரண்டு வருடத்தில் கைவிட வேண்டும் என்று எழுதியது, ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழுவின் விஷயத்தில் 2005 வரை இழுத்தது. இழுத்தாலும் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள்.

சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை உதாரணமாக எழுதலாமா என்று கேட்டாயே. தாராளமாக எழுது. 1960-இல் நேருவும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் கராச்சியில் போட்ட கையெழுத்து. ஒப்பந்தப்படி பாகிஸ்தானின் கால்வாய்ப் பணிகளுக்காக இந்தியா பத்துத் தவணைகளில் கொடுக்க வேண்டிய ஆறு கோடியே இருபது லட்சம் பவுண்டுக்கும் சற்றே அதிகமான தொகையை, 1965-இல் போர் நடந்தபோதும் நிறுத்தவில்லை. 1971-ஐயும் கார்கிலையும் அது தாண்டியது. 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, இந்தியா அதை நிறுத்தி வைத்திருப்பதாக அறிவித்தது. "பார், இதுவும் போயிற்று" என்று எழுதுவதானால் எழுது. அறுபத்து நாலு வருடம் அந்த ஆறுகளின் கரையில் விதைத்து அறுத்தவர்களையும் எண்ணிவிட்டு எழுது. அறுபத்து நாலு வருடம் என்பது ஒரு ஆள் பிறந்து, பிள்ளை பெற்று, பேரனைத் தூக்கும் காலம்.

கொரியாவுக்கு நான் வரவே இல்லை, கவனித்தாயா? 1953-இல் போட்ட போர்நிறுத்தம் மட்டும்தான் அங்கே இருக்கிறது, சமாதான உடன்படிக்கை இன்றுவரை கிடையாது. அந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போனதற்குப் பெரிய காரணம், நாடு திரும்ப மறுத்த போர்க்கைதிகளை என்ன செய்வது என்ற கேள்விதான். கர்நாக் சுவரில் இருக்கும் அதே கேள்வி. உன் நீண்ட கட்டுரைக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தாயே, இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதலாமே என்று தோன்றுகிறது. கொரியப் போர்நிறுத்தத்தின் கைதிகள் பகுதியை முழுசாகப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நானும் அதற்குள் இன்னொரு தடவை படித்து வைக்கிறேன். இந்த முறை பேச்சை மாற்ற மாட்டேன்.

அன்புடன்,
அம்மா